தயிர்க் கப் மூடி: ஒரு கேவிட்டியில் பிளாஷ், மற்றதில் ஷோர்ட். 120 தொன் மெசின் போதாதா?

கல்முனை_மோல்டிங் கேட்டது:

ஒரு லீற்றர் தயிர்க் கப்புக்கு, பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் (அச்சு) அழுத்தி மூடி அடிக்கிறோம். விவரம் இது:

மெசின் 120 தொன் (மோல்டை மூடிப்பிடிக்கிற விசை), டொகிள் கிளாம்ப் (அப்படிப் பிடிக்கிற மடக்குக் கை), உருக்கித் தள்ளுகிற ஸ்குரூ 38 மி.மீ., பாவித்த மெசின். மோல்ட் இரண்டு கேவிட்டி (மூடி வார்க்கிற குழி), மூன்று பிளேட், மூடியின் நடுவில் பின் கேட் (மெட்டீரியல் நுழைகிற சின்னத் துளை). மூடி 132 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிப்பு. மெட்டீரியல் வெள்ளை பி.பி. (பொலிப்புரொப்பிலீன்). இரண்டு மூடியும் ரன்னரும் (கேட் வரை ஓடும் வழியில் உறைகிற துண்டு) சேர்ந்து ஒரு ஷொட் (ஒரு முறை அடிப்பது) ஏறக்குறைய 34 கிராம்.

சிக்கல் மூன்று. முதலாவது, ஒரு கேவிட்டியில் விளிம்பு நிரம்புவதில்லை (ஷோர்ட்). பிரஷரைக் கூட்டினால் அது நிரம்புகிறது, ஆனால் மற்றக் கேவிட்டியில் பிளாஷ் (விளிம்பில் பிதுங்கிய மெல்லிய தகடு) வருகிறது. இரண்டாவது, அடித்த உடனே தட்டையாக இருக்கிற மூடி அடுத்த நாள் வளைந்துவிடுகிறது. மூன்றாவது, வாடைக்காற்றுக் காலத்தில் மட்டும் மூடியின் மேலே தண்ணீர் ஓடியது போலக் கோடுகள்.

150 தொன்னுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறினால் தீருமா? கூலிங்குக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், சின்னச் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் மெசின்) ஒன்று 12 பாகையில் ஓடுகிறது.

---

அச்சுப்பட்டறை_கல்லடி:

தம்பி, மெசினை மாற்றும் முன்பு ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க.

132 மி.மீ. வட்டத்தின் பரப்பு 137 சதுர செ.மீ. இரண்டு கேவிட்டிக்கும் 274. மூன்று பிளேட் மோல்ட் என்பதால் ரன்னரின் பரப்பைத் தனியாகப் பெரிதாகக் கூட்டத் தேவையில்லை. இலகுவாக ஓடுகிற பி.பி. என்றால் சதுர செ.மீற்றருக்கு 0.3 தொன் போதும், மொத்தம் 82 தொன். 0.4 என்றாலும் 110. இதுவரை உங்கள் மெசின் தாங்கும். 0.5க்குப் போனால் 137 தொன், அப்போது மோல்ட் திறக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி மெசின் சின்னதா என்பதல்ல, உள்ளே ஏன் அவ்வளவு பிரஷர் தேவைப்படுகிறது என்பதுதான்.

நடுவிலிருந்து விளிம்பின் மடிப்பு முடிகிற வரை 76 மி.மீ. ஓட்டம், தடிப்பு 1 மி.மீ. நல்ல மெட்டீரியலுக்கு இது கஷ்டமான தூரமே அல்ல. எனவே சாக்கில் எம்.எப்.ஐ. எத்தனை என்று பாருங்க. 230 பாகையில் 2.16 கிலோ பாரத்துக்கு 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பதுதான் அந்த எண். அரிசிச் சாக்கு நெய்கிற நாடாவுக்கான பி.பி. 3 அளவில் இருக்கும். சந்தையில் இலகுவாகக் கிடைப்பதும் அதுதான். இந்த மூடிக்கு 20க்கும் 35க்கும் இடையில் வேண்டும். 3 உள்ளதைப் போட்டுவிட்டு 150 தொன், 200 தொன் என்று ஏறிக்கொண்டு போவதில் பயனில்லை.

அடுத்தது இரண்டு கேவிட்டியும் சமமாக நிரம்புகிறதா என்ற சோதனை. இதைச் செய்யாமல் எந்தத் திருகையும் தொடாதீங்க:

1. ஹோல்டிங் பிரஷரை (நிரம்பிய பிறகும் தொடர்ந்து அழுத்துவது) பூச்சியமாக்குங்க.
2. ஷொட்டின் அளவைக் குறைத்து, மூடி முக்கால் பங்கு மட்டும் நிரம்புகிற மாதிரி வையுங்க.
3. மெசின் ஒரு சீருக்கு வந்த பிறகு பத்து ஷொட் எடுத்து, இரண்டு கேவிட்டி மூடிகளையும் தனித்தனியாக நிறுங்க. 0.1 கிராம் காட்டுகிற தராசு போதும்.

வித்தியாசம் நூற்றுக்கு 3க்கு மேல் போனால் குற்றம் மோல்டில். கேட் துளையைப் பின் கேஜால் (அளவு தெரிந்த ஊசிகள்) அளவுங்க. ஒன்று 0.9 மி.மீ., மற்றது 1.0 மி.மீ. இருந்தாலே போதும்: ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுவதால், பெரிய துளையால் ஒன்றரை மடங்கு போகும். அந்தப் பக்கம் முதலில் நிரம்பி முழுப் பிரஷரையும் வாங்கிப் பிளாஷ் அடிக்கும், மற்றப் பக்கம் பட்டினி கிடக்கும். நீங்கள் சொல்கிற அடையாளம் அப்படியே இதுதான். சின்னத் துளையைப் பெரிதாக்குங்க. பெரியதைச் சின்னதாக்குவது வெல்டிங் வேலை, அதற்குள் போகவேண்டாம்.

வென்டையும் (காற்று வெளியேறும் மெல்லிய பள்ளம்) பாருங்க. பி.பி.க்கு விளிம்பில் 0.02 மி.மீ. ஆழம். 0.03ஐத் தாண்டினால் மெட்டீரியலே வெளியே வரும். வென்ட் அடைத்திருந்தால் உள்ளே மாட்டின காற்று அமுங்கிச் சூடேறி, கடைசியாக நிரம்புகிற இடத்தில் பழுப்புக் கரி அடையாளம் விடும். அப்படி ஒரு புள்ளி இருந்தால் மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு துடையுங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பாட்டிங் லைன் (மோல்டின் இரு பாதியும் சேரும் விளிம்பு) உருண்டுபோகும். பிறகு வாழ்நாள் முழுக்கப் பிளாஷ்தான்.

---

ஓட்டமாவடி_மெயின்டனன்ஸ்:

அச்சுப்பட்டறைக் காக்கா (அண்ணன்) சொன்னதோடு மெசின் பக்கம் ஒன்றையும் பாருங்க: செக் ரிங் (மெட்டீரியல் பின்னுக்கு வழியாமல் தடுக்கிற வளையம்). பாவித்த மெசினில் அது தேய்ந்திருக்க இடமுண்டு. ஹோல்டிங் முடிகிறபோது ஸ்குரூவுக்கு முன்னால் 4, 5 மி.மீ. மெட்டீரியல் (குஷன்) மிச்சம் இருக்க வேண்டும், அது ஷொட்டுக்கு ஷொட் மாறாமல் நிற்க வேண்டும். ஹோல்டிங் நேரம் முழுக்க ஸ்குரூ மெல்ல மெல்ல முன்னேறிக் குஷன் பூச்சியத்துக்குப் போனால் மெட்டீரியல் ரிங்கைத் தாண்டிப் பின்னுக்கு வழிகிறது. அப்போது ஒரு ஷொட் நிரம்பும், அடுத்தது நிரம்பாது. எந்த செட்டிங்கும் நிலைக்காது.

38 மி.மீ. ஸ்குரூவுக்கு 34 கிராம் பி.பி. என்றால் பின்வாங்கும் தூரம் 41 மி.மீ. அளவில் வரும். பெரலுக்கு (ஸ்குரூ ஓடுகிற சூடான குழாய்) இது கீழ் எல்லை. குறைந்தது ஸ்குரூவின் ஒரு விட்டம் அளவாவது பின்னுக்கு வரவேண்டும், உங்களுடையது அதைச் சற்றே தாண்டுகிறது. அதனால் செக் ரிங்கின் சின்னக் கசிவும் உங்களுக்குப் பெரிதாகத் தெரியும்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானம் மெசினை இயக்கும் ஒயில் எத்தனை பாகை காட்டுகிறது? 45ஐ ஒட்டி நிற்க வேண்டும். 55ஐத் தாண்டினால் ஒயில் மெலிந்து இன்ஜெக்ஷன் வேகம் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று மாறும். ஒயில் கூலரின் செப்புக் குழாய்க்குள் உவர்த் தண்ணீர் ஓடினால் அது அடைக்கும், பிறகு ஓட்டையும் விழும்.

---

கல்முனை_மோல்டிங்:

எல்லாம் அளந்தோம். சாக்கில் எம்.எப்.ஐ. 3 என்றே இருக்கிறது. அது ஓடுவதற்காகத்தான் பெரல் 260 பாகையில் நிற்கிறது. முக்கால் ஷொட்டில் ஒரு மூடி 10.1 கிராம், மற்றது 11.4. குஷன் 5 மி.மீ., அசையவில்லை. மோல்டுக்குள் போகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் 7 பாகை வித்தியாசம். மூடி வளைவது குதிரைச் சேணம் மாதிரி: இரண்டு பக்கம் மேலே, இரண்டு பக்கம் கீழே.

---

அச்சுப்பட்டறை_கல்லடி:

அப்படியென்றால் செக் ரிங்கை விடுங்க, அது நல்லா இருக்கு. 10.1க்கும் 11.4க்கும் நூற்றுக்கு 12 அளவு வித்தியாசம். கேட்தான். மெட்டீரியலையும் மாற்றுங்க. மாற்றின பிறகு பெரலை 260இலேயே விடவேண்டாம். ஹொப்பர் (மெட்டீரியல் கொட்டும் தொட்டி) பக்கம் 190, நடுவில் 210, நொசில் (மோல்டைத் தொடும் முனை) பக்கம் 220இலிருந்து தொடங்குங்க. சூடு குறைந்தால் கூலிங் நேரமும் சுருங்கலும் சேர்ந்தே குறையும்.

வேகத்தால் நிரப்புங்க, பிரஷரால் அல்ல. மூடி நூற்றுக்கு 95 முதல் 98 வரை நிரம்புகிற இடத்தில் ஹோல்டிங்குக்கு மாற்றம் விழவேண்டும். முழுக்க நிரம்பிய பிறகு மாறினால் அந்த ஒரு கணத்தில் பிரஷர் எகிறி மோல்டைத் திறக்கும். எத்தனையோ பிளாஷ் இந்த ஒரு எண்ணில்தான் கிடக்கிறது.

---

நீர்க்குழாய்_அக்கரைப்பற்று:

வளைவுக்கும் தண்ணீர்க் கோட்டுக்கும் வருகிறேன். இரண்டுக்கும் வேர் கூலிங்தான்.

பி.பி. குளிரும்போது நூற்றுக்கு 1 முதல் 2.5 வரை சுருங்கும். 132 மி.மீ. மூடிக்கு 2 மி.மீ. அளவு என்று வையுங்க. சுருங்கலின் பெரும் பங்கு மோல்டை விட்டு வந்த சில நிமிடத்தில் நடக்கும், மிச்சம் ஒன்றிரண்டு நாள் மெதுவாக நடக்கும். அதனால்தான் அடுத்த நாள் வளைகிறது. விட்டத்தை அளப்பதும் கப்பில் பொருத்திப் பார்ப்பதும் 24 மணித்தியாலம் கழித்துத்தான் சரி.

வளைவின் வடிவத்தைப் பார்த்தே காரணம் பிடிக்கலாம். கிண்ணம் மாதிரிக் குவிந்தால் மோல்டின் ஒரு முகம் மற்றதைவிடச் சூடு, சூடான முகத்தின் பக்கமே மூடி குழியும். சேணம் மாதிரி முறுக்கினால் நடுப்பகுதி விளிம்பைவிடக் கூடச் சுருங்குகிறது. உங்களுடையது இரண்டாவது. கேட் இருக்கிற நடுப்பகுதி சூடாகக் கிடக்கிறது, ஹோல்டிங் சீக்கிரம் விட்டுவிடுகிறது. ஹோல்டிங் நேரத்தை அரை செக்கனாகக் கூட்டிக் கூட்டி மூடியை நிறுத்துப் பாருங்க. நிறை கூடுவது நின்ற இடத்தில் கேட் உறைந்துவிட்டது, அதற்கு மேல் வைப்பது வீண். இந்தத் தடிப்பு, இந்தக் கேட்டுக்கு ஓரிரு செக்கனிலேயே நின்றுவிடும். சூடான மூடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் கட்டினாலும் வளைந்த நிலையிலேயே இறுகிப்போகும். தட்டையான மேசையில் ஆறவிட்டுக் கட்டுங்க.

அடுத்தது அந்த 7 பாகை. மோல்டுக்குள் போகிற தண்ணீர் 2, 3 பாகைக்கு மேல் சூடேறக்கூடாது. ஏறுகிறதென்றால் ஓட்டம் காணாது. 8 மி.மீ. தண்ணீர்த் துளைக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 3 லீற்றர் வேண்டும், அப்போதுதான் தண்ணீர் சுழன்று ஓடிச் சூட்டை இழுக்கும். ஒரு வாளியும் மணிக்கூடும் இருந்தால் அளந்துவிடலாம். எல்லாத் துளைகளையும் ஒரே குழாயில் தொடுக்காமல் இரண்டாக, மூன்றாகப் பிரியுங்க.

உவர்க் கிணற்றுத் தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் சுண்ணாம்புப் படிவும் துருவும் கட்டும். ஒரு மி.மீ. படிவு சூட்டைத் தடுப்பது பல மடங்கு தடித்த ஸ்டீல் தடுப்பதற்குச் சமம். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சின்னப் பம்பால் சுழலவிட்டுக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்க. அதற்குப் பின் கிணற்றை மோல்டோடு நேரே தொடுக்கவேண்டாம். மூடிய சுற்று ஒன்றை வைத்து, மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து நிரப்பி, துருத்தடுப்பு மருந்து விடுங்க. மாரியில் நமக்கு மழைக்குக் குறைவில்லை.

மூன்றாவது சிக்கல், அந்தக் கோடுகள். கார்த்திகை, மார்கழியில் இங்கு காற்று 27 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 90 என்று நின்றால் 25 பாகைக்குக் கீழே எந்த உலோகம் இருந்தாலும் அதில் நீர் பனிக்கும். உங்கள் சில்லர் 12இல் ஓடுகிறது. மோல்ட் திறக்கிற ஒவ்வொரு முறையும் முகத்தில் மெல்லிய நீர்ப்படலம் பிடிக்கும், அதற்கு மேலே சூடான பி.பி. பாய்கிறபோது கோடு விழும். பி.பி. தண்ணீரை உறிஞ்சாத பொருள், அதைக் காயவைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. வாடையில் சில்லரை 24, 25க்கு ஏற்றுங்க. மூடி 1 மி.மீ. தானே, கூலிங் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு போகும், அதனால் தண்ணீர் சூடானாலும் மூன்று செக்கனுக்குள்தான் நிற்கும். ஒரு செக்கன்கூட இழக்கமாட்டீர்கள். கச்சான் காலத்தில் காற்றுக் காய்ந்திருக்கும்போது கீழே இறக்கலாம்.

மெசினை நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பே தண்ணீரை அடைத்து, அடித்துக்கொண்டே மோல்டைச் சூடாக்கி, பிறகு துருத்தடுப்பு ஸ்பிரே அடித்து மூடுங்க. குளிர்ந்த மோல்டை இரவு முழுக்க விட்டால் காலையில் முகத்தில் துரு நிற்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றுக்கு அது இன்னும் வேகம்.

---

ஓட்டமாவடி_மெயின்டனன்ஸ்:

புது மெட்டீரியல் வாங்கும்போது எம்.எப்.ஐ. மட்டும் பார்க்கவேண்டாம். சாதாரண ஹோமோ பி.பி. (வேறு எதுவும் சேராத பி.பி.) பூச்சியப் பாகையை ஒட்டி உடையத் தொடங்கும். தயிர் பிரிட்ஜில் இருக்கிற பொருள், எடுக்கும்போது கைதவறினால் மூடி விளிம்பு வெடிக்கும். கோபொலிமர் பி.பி. (எத்திலீன் சேர்த்தது) என்று கேட்டு, உணவுக்கு ஏற்றது என்று எழுதின தாளோடு வாங்குங்க. ரன்னரை அன்றன்றே அரைத்து அதே மெட்டீரியலோடு நூற்றுக்கு 20க்கு மேல் போகாமல் கலக்கலாம், தரையில் விழுந்ததை அல்ல. வெளியிலிருந்து வாங்கின அரைத்த பிளாஸ்டிக்கைத் தயிர் மூடியில் ஒருபோதும் போடாதீங்க.