வேலூரில் பழைய வைரத்தோடு விற்கப் போனபோது

சத்துவாச்சாரி வாசி:

அம்மாவின் ஏழு கல் தோட்டைப் போன ஆவணியில் விற்றேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், வேறு வழி தெரியவில்லை. 1974இல் அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா ஆரணியில் ஓர் ஆசாரியிடம் சொல்லிச் செய்த தோடு அது. "ப்ளூ ஜாகர் கல்லுடி, சாதாரணமா நினைக்காதே" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்தது. அதிலிருந்து வந்த பெயர்தான் ஜாகர். வெயிலில் லேசாக நீலம் அடிக்கிற கல்லை எல்லாம் நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள்.

லாங் பஜார் பக்கம் ஒரு கடைக்குத்தான் முதலில் போனேன். "இன்னாம்மா, பில்லு இருக்குதா?" என்றார். 50 வருஷத்துக்கு முந்திய தோட்டுக்குப் பில்லுக்கு எங்கே போவது? தராசில் 8 கிராம் 200 மில்லி காட்டியது. "கல்லுக்கு ஒன்றரை கிராம் கழிச்சிட்டு தங்கத்துக்குப் பணம் தரேன். பழைய வைரத்துக்கெல்லாம் விலை இல்லம்மா" என்றார்.

அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். ஐந்து கேரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். ஒன்றரை கிராம் கழிக்க வேண்டுமென்றால் என் தோட்டில் ஏழரை கேரட் வைரம் இருந்தாக வேண்டும்! கல்லுக்கு விலையும் கிடையாதாம், அதன் பேரில் தங்கமும் குறையுமாம். வயிறு எரிந்தது. தோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வேறு ஒருவரிடம் போனேன். வயதானவர், வைரம் மட்டுமே வாங்கி விற்பவர். பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்தார், சத்தம் வந்தது. "இத மட்டும் நம்பக்கூடாதும்மா, வைரம் மாதிரியே தெரியற மாய்சனைட் கல்லுக்கும் இது கத்தும். இது மூடின கட்டடம், கல்லுக்குப் பின்னாடி தங்கம் மூடியிருக்கு. பின்பக்கம் தெரியல. பிரிச்சாத்தான் சரியா சொல்ல முடியும்" என்றார். பிரித்த பிறகு விலை படியவில்லை என்றால் தோடு போச்சே என்று தயங்கினேன். தம்பிதான் "அக்கா, எப்படியும் விக்கத்தானே வந்திருக்கோம்" என்றான்.

ஆசாரியை எங்கள் எதிரிலேயே உட்கார வைத்துப் பிரித்தார்கள். வெள்ளைத் தாளில் காதுக்கு ஏழாக 14 கல். எண்ணி என்னையும் எண்ணச் சொன்னார். எடை 1 கேரட் 38 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்), அதாவது கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே இருந்த அரக்கும் அழுக்கும் போகத் தங்கம் 7 கிராம் 610 மில்லி. முதல் கடைக்காரர் கணக்கில் இது 6.700தான் வந்திருக்கும். டச் 88 காட்டியது, அதாவது நூற்றுக்கு 88 பங்கு தங்கம்.

வைர விலையில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு கல்லில் கரும்புள்ளி இருந்தது, லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். பட்டை பழைய மாதிரி, மறுபடி தீட்டினால் எடை குறையும் என்று விலையைக் குறைத்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார், சீட்டில் எழுதியும் கொடுத்தார். பணம் அன்று மாலையே வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

குடியாத்தம் மருமகள்:

நான் கடைக்கே போகவில்லை. என் வைர மூக்குத்தியைத் தெரிந்த அம்மா ஒருவர் கேட்டார். மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். எங்கள் வீட்டிலும் வாங்கும்போது அப்படித்தான் பார்த்தோம், மறுக்க முடியவில்லை. எடை போட்டு, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் வாசலில் நின்றார். பேரனுக்கு இரவு காய்ச்சலாம். "தப்பா நினைக்காதேம்மா" என்று கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று அழுதேன். ராசியில்லாத மூக்குத்தி என்று தெருவில் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் விற்கவில்லை, போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

காட்பாடிக்காரன்:

அக்கா சொன்ன கல் எடைக் கணக்கை எல்லோரும் குறித்து வையுங்கள். என் கதை வேறு. கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரம், சான்றிதழ் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். வாங்குபவர் அதைப் படித்துக் காட்டினார்: லேப் க்ரோன் என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான் ஒருநாளும் அந்த வரியைப் பார்க்கவில்லை. அதுவும் நிஜ வைரம்தான், பூமிக்குள் விளையாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. ஆனால் இங்கே அதைத் திருப்பி வாங்க ஆள் கிடைக்கவில்லை. மோதிரத்தில் 750 முத்திரை, அதாவது தங்கத்தின் தரம் 18 கேரட் (இது கல் எடைக் கேரட் இல்லை). நூற்றுக்கு 75 பங்கு தங்கத்துக்கு மட்டும்தான் விலை சொன்னார்.

இன்னொன்று, விற்கும் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் அட்டை கேட்பார்கள், கொண்டு போங்கள். அத்தனையும் ரொக்கமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தப்பு.

அக்கா, பிரிக்கும்போது கல் உடையாதா?

சத்துவாச்சாரி வாசி:

நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. ஓரத்தில் அடி பட்டால் சிதறலாம், அதனால்தான் கையில் பழக்கமுள்ள ஆசாரி வேண்டும் என்றார். பதினான்கும் முழுசாக வந்தன. பதின்மூன்றைக் கொடுத்துவிட்டு ஒரு கல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் மூக்குக் குத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.