பிள்ளை நீர்மூழ்கிக் கப்பல்ல இருக்கான்: மதுரைப் பக்கத்து அம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் எப்படித் துணையா இருக்கலாம்?

உசிலம்பட்டி அம்மா கேட்டது:
உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்னு சுத்துப்பட்டுல ஏழு அம்மாக்கள் இருக்கோம். எல்லார் பிள்ளையும் நேவியில நீர்மூழ்கி. நாலு பேருக்கு இதுதான் முதல் தடவை; அதுல ஒருத்தர் மகன் அடுத்த மாசம் கிளம்புறான். போனா வாரக்கணக்குல பேச முடியாதுன்னு மட்டும் தெரியும். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சும் உருப்படியா ஒண்ணும் நடக்கல. பிள்ளைகிட்ட முன்கூட்டியே என்ன கேட்டு வைக்கணும்? நாங்க என்ன செய்யணும்?

ஓய்வு பெற்ற நேவிக்காரர்:
அம்மா, முதல்ல உங்க கேள்வியில இருக்கிற "அடுத்த மாசம் கிளம்புறான்" என்பதை எடுத்துடுங்க. குரூப்லயும் இதே கட்டுப்பாடு வேணும்: கப்பல் பேர், கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, துறைமுகம், சீருடைப் படம் எதுவும் கூடாது. 2019 டிசம்பரில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனையே தடை செய்தது. ரகசியத் தகவல் கசிந்ததுதான் காரணம். நேரில் பார்த்துப் பழகியவரைத் தவிர யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள்.

போன் ஏன் வருவதில்லை என்பதை எல்லா அம்மாவும் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நீர்மூழ்கியின் பலமே மறைந்திருப்பது. அலைவரிசையில் ஒரு வார்த்தை பேசினாலும் இருக்கும் இடம் தெரிந்துவிடக்கூடும். நம் திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை ரேடியோ நிலையம் இருக்கிறதே, 1990ல் தொடங்கியது, அதன் வேலையே கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதுதான். மிகத் தாழ்ந்த அலைவரிசை என்பதால் தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். கப்பல் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. ஆகவே சத்தமில்லை என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

கரை சேர்ந்த அன்றைக்கும் ஒரு சிக்கல் வரும். ஒரு பிள்ளை உடனே பேசுவான், இன்னொருவன் பேசமாட்டான். கப்பல் கரையில் கட்டிய பிறகும் ஒரு பகுதி ஆட்கள் டூட்டியில் உள்ளேயே இருக்க வேண்டும். ஒரே கப்பலில் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்கள் இதை ஒப்பிட்டு அழ வேண்டாம். முதலில் போன் வந்தவர் குரூப்பில் போடாமல் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

மேலூர் அக்கா:
தங்கச்சி, பிள்ளை கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல இதையெல்லாம் அவன் கையால எழுதி வாங்குங்க: முழுப் பேர், பதவி, பர்சனல் நம்பர் (அவனோட கடற்படை எண்), ஃப்ளீட் மெயில் ஆபீஸ், அதாவது கடற்படைத் தபால் அலுவலகம் வழியா கடிதம் போடுற முகவரி, அவனோட டிவிஷனல் ஆபீசர் (அவனை நேரடியாப் பார்த்துக்கிற அதிகாரி) அல்லது தளத்து அலுவலக நம்பர். பீரோவுல ஒரு பிரதி, நம்பிக்கையான இன்னொரு அம்மாகிட்ட உறை ஒட்டி ஒரு பிரதி. போன்ல படம் எடுத்து அனுப்பக் கூடாது.

ரொம்பப் பேர் கோட்டை விடுறது கடற்படையில இருக்கிற உறவினர் பதிவேட்டுல. வீடு மாறியிருப்பீங்க, சிம் மாத்தியிருப்பீங்க, அங்க பழைய நம்பரே இருக்கும். எந்த அவசரம்னாலும் கடற்படை அந்த நம்பருக்குத்தான் பேசும். அதைத் திருத்தச் சொல்லுங்க, ரெண்டாவது நம்பரும் கொடுக்கச் சொல்லுங்க. டிவியில எங்கயோ நீர்மூழ்கி விபத்துன்னு ஓடினா, எந்த நாடு, எந்த வருஷத்துச் செய்தின்னு முதல்ல பாருங்க. 2021 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல நடந்ததை இன்னைக்கு நடந்த மாதிரி அனுப்புறவங்க இருக்காங்க.

ஏழு பேரையும் ரெண்டு ரெண்டு பேரா சேர்த்துடுங்க, பழகினவர் ஒருத்தர், புதுசு ஒருத்தர். ஒரு இடத்துல மூணு பேர். செவ்வாயும் வெள்ளியும் போன், பத்து நிமிஷம் போதும். "செய்தி உண்டா"ன்னு கேட்க வேண்டாம். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, தூக்கம் வந்துச்சா, இவ்வளவுதான். தொடர்ந்து தூங்க முடியலைன்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம். யாராவது ஆஸ்பத்திரியில படுத்தா முதல் ராத்திரிக்குத் துணை யாருன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

வங்கி வேலை பார்ப்பவர்:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள்தான் வச்சிருக்கும், அப்புறம் அழிச்சுடும். 45 நாள் பயணம்னா முதல் ரெண்டு வாரம் அனுப்பினது அவனுக்குக் கிடைக்காது. சொல்ல வேண்டியதை நோட்டுல எழுதி வைங்க, இல்லைன்னா கடிதம் போடுங்க. ஒத்தை டிக் பார்த்துப் பதற வேண்டாம், அவன் போன் அணைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

அவன் சிம்முக்கு 84 நாளோ அதுக்கு மேலயோ செல்லுபடியாகிற ரீசார்ஜ் போடுங்க. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரை முடக்கலாம். ஓடிபி அவன் போனுக்கே வரும்கிறதால வீட்டுச் செலவு, இஎம்ஐ, இன்சூரன்ஸ் எல்லாம் ஆட்டோ டெபிட்ல இருக்கணும். கணக்குல மூணு மாச இஎம்ஐ இருப்பு வேணும். ஒரு தவணை திரும்பினாலே அபராதம், சிபில் மார்க்கும் இறங்கும். நகைக் கடன் திருப்புற தேதி இடையில வருதான்னும் பாருங்க. "உங்க மகனுக்கு ஆபத்து, உடனே பணம் போடுங்க"ன்னு யார் பேசினாலும் கட் பண்ணிட்டு ஜோடி அம்மாவைக் கூப்பிடுங்க. பணம் போயிருந்தா அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசுங்க.

திருமங்கலம் அம்மா:
சாப்பாடு அனுப்புறவங்களுக்கு: என்ன எடுத்துட்டுப் போகலாம்னு பிள்ளையை முதல்ல கேளுங்க. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், கருவாடும் வேண்டாம்; மூடின கப்பல்ல அந்த வாடை எல்லாருக்கும். பெட்டி சின்னது, 250 கிராம் பாக்கெட் ரெண்டு போதும்.

புளிக்காய்ச்சல்னா கால் கிலோ புளிக்கு 300 மில்லி நல்லெண்ணெய். எண்ணெய் தனியாப் பிரிஞ்சு, கரண்டியில ஒட்டாம சுருளுற வரைக்கும் சின்னத் தீயில விடணும். தண்ணி நின்னா பூஞ்சை பிடிக்கும். சூடு முழுசா ஆறின பிறகுதான் பாக்கெட்ல அடைக்கணும், இல்லைன்னா ஆவி உள்ளேயே வேர்த்துக் கெட்டுடும். பருப்புப்பொடியில தேங்காய் சேர்க்காதீங்க, சிக்கு வாடை வந்துடும்.

உசிலம்பட்டி அம்மா:
தேதியை எடுக்கச் சொன்னதுக்கு நன்றி அண்ணே, மாத்திடுறேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். ஒரு வீட்டுல பாட்டி படுத்த படுக்கை. அவன் கடல்ல இருக்கும்போது ஏதாவது ஆனா?

ஓய்வு பெற்ற நேவிக்காரர்:
அந்தத் தாளில் இருக்கும் அலுவலக நம்பருக்குத்தான் சொல்ல வேண்டும். கடலில் இருக்கும் ஆளிடம் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பது கேப்டன் கையில். கப்பல் பாதியில் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாட்டி விஷயத்தைக் கிளம்பும் முன்பே பையனிடம் நேராகக் கேளுங்கள்: நடுவில் தெரிய வேண்டுமா, கரைக்கு வந்த பிறகா? காரியத்துக்கு யார் கொள்ளி வைப்பது என்பதையும் பேசிவிடுங்கள். அவன் சொன்ன பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது மறுபடி கேளுங்கள், மனசு மாறியிருக்கும்.