சிபிகே இறங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை (டெர்மடோமயோசைடிஸ்)

மூத்தமகள்:
அம்மாவுக்கு டெர்மடோமயோசைடிஸ் (தசையையும் தோலையும் தாக்கும் அழற்சி நோய்) என்று தெரிந்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு சிபிகே (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) நன்றாகக் குறைந்துவிட்டது, கையைத் தூக்கித் தானே தலை வாருகிறார், பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். விழுங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால் உடனே இருமல், சில சமயம் மூக்கு வழியாக வந்துவிடுகிறது, மாத்திரை இங்கேயே நிற்கிறது என்று கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறார். எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு அடைப்பு ஒன்றும் இல்லை, பயத்தில் வருவது என்று அனுப்பிவிட்டார்கள். சிபிகே இறங்கினால் தொண்டையும் தானாகச் சரியாக வேண்டாமா?

வரித்தசை:
பயமெல்லாம் இல்லைங்க. எனக்குப் பாலிமயோசைடிஸ் (தோலை விட்டுவிட்டுத் தசையைத் தாக்கும் வகை), இதே கதைதான். தொண்டையும் உணவுக்குழாயின் மேல் பகுதியும் கை கால் மாதிரியே வரித்தசை, நோய் அங்கேயும் போகும். எண்டோஸ்கோபியில் உள்சுவர் தெரியும், தசை எப்படித் தள்ளுகிறது என்பது தெரியாது. எனக்கு எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்து கொடுத்து விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். திரையில் பார்த்தேன், ஒரு ஸ்பூனில் பாதி தொண்டைக் குழியிலேயே தேங்கி நின்றது, கொஞ்சம் கழித்து அதிலிருந்து மெல்லிய இழையாக மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது, எனக்கு இருமல்கூட வரவில்லை! ஸ்டீராய்டுக்கு மசியாத தொண்டை ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

விழுங்கல் பயிற்சியாளர்:
மேலே சொன்ன வீடியோ பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சிபிகே குறைந்தது நல்ல செய்திதான், ஆனால் தொண்டைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று அது சொல்லாது. அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல், சின்னச் சின்ன மடக்காக, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்கட்டும், சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். வாயைச் சுத்தமாக வைப்பதும் முக்கியம், வாயில் உள்ள கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. தாடையைத் தாழ்த்தி விழுங்கு, தண்ணீரைக் கெட்டியாக்கு என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். சிலருக்கு உதவும், சிலருக்குத் தேக்கம்தான் கூடும், வீடியோ பார்க்காமல் செய்யாதீர்கள். விழுங்கும்போது வலித்தால் ஸ்டீராய்டால் வந்த பூஞ்சையாகவும் இருக்கலாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

அப்புறம் ஒன்று. எலும்புக்காக அலென்ட்ரோனேட் மாத்திரை இருக்கிறதா? அது உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாக்கிவிடும், உடனே டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாவின் பையன்:
என் அப்பாவுக்கு இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ், ஸ்டீராய்டுக்கு அசையாத வகை. உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் தசை திறக்க மறுத்தது. பலூன் வைத்து விரித்தார்கள், சில மாதம் நன்றாக இருந்தது, மறுபடி விரிக்க வேண்டியிருந்தது. அம்மாவின் எடையை வாரா வாரம் குறித்து வையுங்கள், நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

மூத்தமகள்:
அலென்ட்ரோனேட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை! போன் போட்டுக் கேட்டேன், இனி கொடுக்க வேண்டாம், வேறு ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். வீடியோ எக்ஸ்ரே வியாழக்கிழமை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "பயம் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனே" என்கிறார். சொல்லவே இல்லை.