லாயத்தில் விட்ட குதிரை செத்தால் யார் பொறுப்பு?

குளம்படி: சென்னைக்கு வெளியே ஒரு லாயத்தில் மாதக் கட்டணம் பேசி என் குதிரையை விட்டிருந்தேன். போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அதற்கு வயிற்று வலி வந்திருக்கிறது. தரையில் உருண்டதாம், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம், வைத்த கொள்ளு அப்படியே கிடந்ததாம், எல்லாம் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். எனக்கு போன் வந்தது காலை ஆறு மணிக்கு. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது மூன்று வார பாக்கியைக் கட்டு என்கிறார் லாயக்காரர், கட்டும்வரை சேணமும் கிடையாதாம். கேட்டால், ‘நோய், மரணத்துக்கு லாயம் பொறுப்பல்ல’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார்.

லாயக்காரன்: வருத்தம்தான். ஆனால் நானும் லாயம் நடத்துகிறவன், பன்னிரண்டு குதிரைக்கு இரண்டே ஆட்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, குடல் முறுக்கிக்கொண்டால் எவ்வளவு நல்ல லாயத்திலும் சாகும். தின்ற தீவனத்துக்குக் காசு கேட்பது தப்பா?

கறுப்புக்கோட்டு: 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151 பாருங்கள். அடுத்தவர் பொருளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்தாலும் சும்மா பார்த்தாலும், தன் பொருளாக இருந்தால் விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அந்தக் கவனம் வேண்டும். கவனம் எடுத்தேன் என்று காட்டவேண்டியதும் லாயக்காரர்தான். தாளில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் கடமை போய்விடுமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை.

மாட்டு டாக்டர்: சும்மா நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. 60 தாண்டினால் ஆபத்து. குடல் முறுக்கு என்றால் அறுவை ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். இங்கே ஏழு மணி நேரம் போயிருக்கிறது. முறுக்குதானா என்பது உடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், பார்த்தீர்களா?

குளம்படி: இல்லை, அன்றைக்கே புதைத்துவிட்டோம்.

லாயக்காரன்: அப்புறம் எதை வைத்துப் பழி போடுகிறீர்கள்? இன்னொன்று, ‘என்னைக் கேட்காமல் டாக்டரைக் கூப்பிடாதே’ என்று சொல்லி வைத்திருந்தீர்களா? என்னிடம் பாதிப்பேர் அப்படித்தான், பில் வந்தால் சண்டை.

குளம்படி: …ஆமாம். போன வருஷம் ஒரு பில் வந்தபோது வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

லாயக்காரன்: பார்த்தீர்களா!

கறுப்புக்கோட்டு: அவசரப்படாதீர்கள். ‘என்னைக் கேள்’ என்றால் கேட்கவேண்டும் இல்லையா? ராத்திரி மிஸ்டு கால் இருந்ததா?

குளம்படி: ஒன்றுகூட இல்லை. போன் தலைமாட்டில்தான் இருந்தது.

லாயக்காரன்: சரி, அது தப்புதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், என் லாயத்துச் சுவரில் எல்லோர் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஆனாலும் பாக்கி பாக்கிதான், சேணத்தைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பது?

கறுப்புக்கோட்டு: பிரிவு 170 கூலிக்கு ஈடாகப் பிடித்து வைக்கச் சொல்வது, தான் உழைத்த பொருளை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார், சரி. சேணத்துக்கு என்ன செய்தார்? ஆணியில் மாட்டினார், அவ்வளவுதானே. முதலில் அதைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள், உங்களுக்கு எதிராக இருந்தாலும்.