வலையமைப்பு இயக்கவியலால் நிரப்பு மருத்துவத்தை ஆராய்வது: அறிவியலா, சொல்லாட்சியா?

கேள்வி

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் அதிகம் பழகியது அலையியற்றிகளின் ஒத்தியக்கம்: தனித்தனித் தாளத்தில் அலைகிறவை ஒன்றையொன்று பாதித்து ஒரே தாளத்துக்கு வருவது. அதாவது, இதற்காக இயற்பியலாளர் குராமோட்டோ 1975இல் முன்வைத்த மாதிரியை வெவ்வேறு வலையமைப்புகளில் ஓடவிட்டுப் பார்க்கும் கணக்குகள். அண்மையில் பேராசிரியர் ஒருவர், மூச்சுப் பயிற்சி, அக்குபங்சர் போன்ற நிரப்பு மருத்துவ முறைகளையும் இதே கருவிகளைக் கொண்டு ஆராயலாமே என்றார். ஆர்வத்தோடு கட்டுரைகளைப் புரட்டியதில் குழப்பமே மிஞ்சியது. ஒரு பக்கம், உறக்கத்தின் ஒவ்வொரு நிலையிலும் இதயம், மூளை, மூச்சு, கண்ணசைவு ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்புகள் எப்படி மாறுகின்றன என்பதை அளந்து காட்டிய 2012ஆம் ஆண்டு ஆய்வைப் போன்ற திடமான பணிகள் இருக்கின்றன. மறுபக்கம், 'உடலின் ஆற்றல் வலை', 'குவாண்டம் ஒத்ததிர்வு' என்று ஒரு சமன்பாடுகூட இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தலைப்புகளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொற்கள். எங்கே கோடு கிழிப்பது? துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

வலையமைப்பு என்று எழுதுகிறவரிடம், அதில் முனை (இணைக்கப்படும் பொருள்) எது, இணைப்பு எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் அங்கேயே பிரிந்துவிடும். வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் 1998இல் சிறு உலக வலையமைப்புகளைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்டவை திரைப்பட நடிகர்கள், ஒரு மின்வழங்கல் கட்டமைப்பு, ஒரு சிறு புழுவின் நரம்பு மண்டலம் ஆகிய மூன்றும்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றாலும், மூன்றிலும் முனையை விரல் நீட்டிக் காட்ட முடியும். இரு நடிகர்கள் ஒரே படத்தில் நடித்திருந்தால் இணைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 'ஆற்றல் வலை' என்று எழுதுகிறவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், ஆற்றலை எந்த அலகில் அளந்தார் என்பதே தெரியவராது.

அடுத்தது அளவு. இதயத்துக்குக் காந்தப்புலம் உண்டு என்பது உண்மை. 1963 முதல் அதை அளந்து வருகிறார்கள். ஆனால் மார்பின் அருகிலேயே அது சில பத்து பிக்கோடெஸ்லாதான். பூமியின் காந்தப்புலமோ சில பத்து மைக்ரோடெஸ்லா. ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு பெரியது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒருவரின் இதயப்புலம் எதிரில் இருப்பவரின் இதயத்தை ஒத்தியங்க வைக்கிறது என்று சொல்வதானால், பிணைப்பு வலிமை (ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும் அளவு) எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டும். குராமோட்டோ மாதிரியிலேயே பிணைப்பு ஒரு மாறுநிலை மதிப்பைத் தாண்டாத வரை ஒத்தியக்கம் தோன்றாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காக ஒத்ததிர்வு என்ற சொல்லையே ஒதுக்கிவிட வேண்டாம்; அது அச்சொட்டாகப் பொருந்தும் இடமும் இருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறினால் இதயத்துடிப்பைக் குறைத்தும், இறங்கினால் கூட்டியும் சரிசெய்கிற பின்னூட்டச் சுற்று ஒன்று உடலில் உள்ளது. அதில் இருக்கும் காலத்தாழ்வினால் அந்தச் சுற்று ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை அலையும் இயல்பு கொண்டது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக்கினால் மூச்சின் அதிர்வெண்ணும் அதனோடு பொருந்திவிட, துடிப்பிடைவெளியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இலத்தீன் மொழி ஜெபமாலையைச் சொன்னபோதும் யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு அந்த ஆறையே ஒட்டி வந்தது. விளைவு சொற்களில் இல்லை, வேகத்தில் இருக்கிறது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இரண்டாம் மறுமொழி

நான் மருத்துவச் சோதனைகளின் புள்ளியியல் பக்கத்தில் இருப்பவன். முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இயங்குமுறையைத் தேடுவதற்கு முன், விளக்கப்பட வேண்டிய விளைவு எது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சரைச் சோதித்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. 1162 நோயாளிகள், ஆறு மாதத்துக்குப் பின் முன்னேற்றம் கண்டவர்கள் முறையான அக்குபங்சர் குழுவில் 47.6 விழுக்காடு, மரபுப் புள்ளிகளை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்திய போலிச் சிகிச்சைக் குழுவில் 44.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 27.4 விழுக்காடு. இதில் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் மட்டும் ஒப்பிட்டு மகிழ்கிறவர்கள் உண்டு. ஆனால் புள்ளிகளின் வலையமைப்பை ஆராயப் புறப்படுகிறவர் விளக்க வேண்டியது முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை. அது அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. எதிர்பார்ப்பு, தொடுகை, கூடுதல் கவனிப்பு ஆகியவற்றின் விளைவை ஆராய்வதானால் அதுவும் நல்ல தலைப்புத்தான். அதை அந்தப் பெயரிலேயே செய்யுங்கள்.

கருவிகள் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி, கை வைக்காமலே உடலின் ஆற்றல் புலத்தை உணர முடியும் என்று கூறிய 21 பேரை ஒரு மறைப்புக்குப் பின்னால் கைகளை நீட்டச் சொல்லி, தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 280 முயற்சிகளில் 44 விழுக்காடே சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் பாதி சரியாகியிருக்கும். 1998இல் அது ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளியானது.

மூன்றாம் மறுமொழி

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். இதயத் துடிப்பிடைவெளியையும் மூச்சுப் பட்டையின் பதிவையும் 0.09 முதல் 0.11 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய வடிகட்டியில் செலுத்தி, ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கட்ட ஒத்தியக்கத்தை, அதாவது இரண்டின் ஏற்ற இறக்கங்களும் எவ்வளவு சீராக ஒன்றையொன்று பின்தொடர்கின்றன என்பதை, கணக்கிட்டேன். எண்கள் அருமையாக வந்தன. ஏதோ உறுத்தவே, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு இரைச்சல் தொடர்களைக் கணினியில் உருவாக்கி அதே நிரலில் இட்டேன்; பல துண்டுகளில் ஏறக்குறைய அதே அருமையான எண்கள். அவ்வளவு குறுகிய வடிகட்டியிலிருந்து வெளிவரும் எதுவும் சைன் அலை போலத்தான் இருக்கும். ஒரே அதிர்வெண்ணை ஒட்டிய இரண்டு சைன் அலைகள் ஒரு நிமிடத்துக்குக் கைகோத்து நடப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. இரண்டு மாத வேலை குப்பைக்குப் போயிற்று.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அக்குபங்சரை விட்டுவிட்டு, மெதுமூச்சின்போது இதயம், மூச்சு, இரத்த அழுத்தம் என்ற மூன்று முனைகளுக்கு இடையிலான இணைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். போலி ஒத்தியக்கத்தைக் களைய, ஒருவரின் மூச்சுப் பதிவை இன்னொருவரின் இதயப் பதிவோடு மாற்றி இணைத்துப் பார்த்தால் போதுமா? அப்போதும் இணைப்புத் தெரிந்தால் முறையில் பிழை என்று கொள்ளலாம் அல்லவா?

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

இயல்பாக மூச்சு விடும்போது அது நல்ல சோதனை. ஆனால் எல்லோரையும் ஒரே தாளக் கருவிக்கு ஏற்ப நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் சொன்னால், உங்கள் மூச்சும் எதிரில் இருப்பவரின் மூச்சும் ஒரே தாளத்தில்தான் இருக்கும். ஆகவே அவருடைய இதயமும் உங்கள் மூச்சோடு ஒத்தியங்குவது போலவே தோன்றும். முறையில் பிழை இல்லாதபோதும் பிழை என்று முடிவு செய்துவிடுவீர்கள். ஒவ்வொருவருக்கும் மூச்சுகளின் நீளம் சீரின்றிச் சற்றே மாறும்படி தனித்தனித் தாள வரிசையை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பதிவுகளை மாற்றி இணையுங்கள்.