சகேல் கிராமங்கள்: குழி வெட்டினால் போதுமா, உரமும் சாலையும் வேண்டாமா? (கம்பங்கொல்லை, நேர்வழி, மானாவாரி என்ற பெயர்களில் மூவர் எழுதிய பதிவுகள்)

கம்பங்கொல்லை:
சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சகேல் வறள்நிலத்தில், புர்கினா ஃபாசோவின் வடக்கே, வாஹிகூயா நகரை அடுத்த கூர்கா என்ற ஊரில் யக்கூபா சவடோகோ என்றொரு உழவர் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் வறட்சி தாங்காமல் குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியேறியபோது, அவர் கோடையிலேயே கட்டாந்தரையைக் கொத்தத் தொடங்கினார். குழி வெட்டி அதில் விதைக்கும் 'ஸாய்' என்பது அங்கே பழைய முறைதான். அவர் குழியை இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் வெட்டி, எருவும் குப்பையும் இட்டார். அதைத் தேடிக் கறையான் வந்தது. கறையான் துளைத்த வளைகள் வழியே மழைநீர் உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன. கூடவே முளைத்த மரக்கன்றுகளையும் அவர் பிடுங்கவில்லை, பொட்டல் காடாயிற்று. 2018இல் அவருக்கு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. கம்பு என்ற தானியமே மேற்கு ஆப்பிரிக்கா உலகுக்குத் தந்ததுதான். நாம் குடிக்கும் கூழுக்கும் அதுவே தாய்வீடு. அந்த மக்களுக்கு வேளாண்மையை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நேர்வழி:
அந்த மனிதரை நானும் வணங்குகிறேன். ஆனால் நண்பரே, ஓர் எக்டேருக்கு 10,000க்கும் மேற்பட்ட குழிகள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 300 மணி நேர வேலை, அதுவும் 40 டிகிரி வெயிலில், பாறைபோல் இறுகிய மண்ணில். எருவுக்கு மாடு வேண்டும். மாடில்லாதவன் எங்கே போவான்? கோட் டிவ்வார் (ஐவரி கோஸ்ட்) நாட்டின் கோகோ தோட்டங்களுக்கு இளைஞர்கள் கூலிக்குப் போவது உழைக்கச் சோம்பியா? புர்கினாவுக்குக் கடற்கரை இல்லை. லோமே, அபிஜான் துறைமுகங்களில் இறங்கும் உரம் லாரியில் பல நூறு கிலோமீட்டர் வந்துசேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. சாலையைப் போடுங்கள், உரத்தின் விலையைக் குறையுங்கள். நாம் பிடிக்கப் போகாத மண்வெட்டியைப் பாரம்பரியம் என்று போற்றுவது அவர்கள் முதுகைக் காப்பாற்றாது.

கம்பங்கொல்லை:
உரம் அங்கே வராமல் இல்லை. எந்தப் பயிருக்கு வந்தது என்பதுதான் கேள்வி. பருத்தி நிறுவனங்கள் விதையையும் உரத்தையும் கடனாகத் தந்து, அறுவடையில் கழித்துக்கொள்ளும். கம்புக்கு அப்படிக் கடன் தருவார் இல்லை. 2008இல் அதே வழியில் மரபணு மாற்றிய பருத்தியும் வயலுக்கு வந்தது. பூச்சிமருந்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் பஞ்சின் இழை நீளம் குறைந்து சந்தையில் மதிப்பு இறங்கியது. சில ஆண்டுகளில் நிறுவனங்களே அதைக் கைவிட்டன. மேலேயிருந்து வரும் வளர்ச்சி, வீட்டுப் பானைக்குப் போகும் பயிரை எட்டிப் பார்ப்பதில்லை.

மானாவாரி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாஹிகூயாவைச் சூழ்ந்த அதே யாத்தெங்கா பகுதியில், ஓடும் மழைநீரைத் தடுக்க வயலுக்குக் குறுக்கே கல்வரிசை போடும் முறையும் பரவியது. சம உயரக் கோட்டைப் பிடிக்க, கொத்தனார்கள் பயன்படுத்துவது போன்ற நீர்மட்டக் குழாய் போதும். படிக்காதவரும் இரண்டொரு நாளில் கற்றுக்கொண்டனர். அருகில் கல் தீர்ந்த ஊர்களுக்குத் தொண்டு நிறுவன லாரிகள்தான் கல் கொண்டுவந்தன. ஆகவே உள்ளூர் அறிவா, வெளியுதவியா என்று பிரித்துச் சண்டையிடுவதில் எனக்கு நாட்டமில்லை.

எனக்கு வலிப்பது வேறொன்று. அங்குள்ள மோசி சமூகத்தில் குடும்பப் பொதுவயல் ஒன்று உண்டு; பெண்ணுக்குக் கணவர் ஒதுக்கித்தரும் துண்டு நிலம் தனி. பொதுவயல் வேலை முடிந்த பிறகே அவள் தன் துண்டுக்குப் போக முடியும். எருவும் முதலில் பொதுவயலுக்கே. இரவல் நிலத்தில் மரம் நடவும் கூடாது. மரம் நட்டால் மண்ணுக்கு உரிமை கொண்டாடுவதாகப் பொருள். சவடோகோ வளர்த்தது போன்ற காட்டை ஒரு பெண் அங்கே வளர்த்திருக்க முடியுமா?

நேர்வழி:
அக்கா, இது நான் எண்ணிப் பாராத பக்கம். ஆனால் உரிமை பற்றிய பேச்சு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பக்கத்து நாடான நைஜரில் காலனியாட்சிக் காலம் தொட்டு மரங்கள் அரசுக்குச் சொந்தமாக இருந்தன. தன் வயலில் முளைத்த கன்றைக் காப்பதால் உழவருக்கு ஆதாயம் இருக்கவில்லை. 1980களில் அந்தக் கெடுபிடி தளர்ந்த பிறகே மராதி, ஜின்டர் பகுதிகளில் பழைய வேர்க்கட்டைகளிலிருந்து கிளம்பிய துளிர்களை வளரவிட்டார்கள். ஏறத்தாழ 50 லட்சம் எக்டேரில் மரங்கள் திரும்பின. ஹௌசா மக்கள் 'காவோ' என்றழைக்கும் மரம் அவற்றில் முக்கியமானது. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடுவதால் கம்புக்கு நிழல் தட்டாது. உழவரின் அறிவு அப்போதா பிறந்தது? குறுக்கே நின்றது அரசின் விதி. அந்த விதியை மாற்றுவதும் சாலை போடுவதும் அரசின் வேலைதான் என்கிறேன்.

கம்பங்கொல்லை:
இதை மறுக்க மாட்டேன். என் முதல் பதிவில் நான் எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியை வாஹிகூயா நகர விரிவாக்கத்துக்காக வீட்டு மனைகளாக அளந்தார்கள். உலகமே பாராட்டிய உழவரால் அதைத் தடுக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் அவர் காலமானார். விளைச்சல் பெருகியதை மட்டும் பேசி, மண் யாருடையது என்பதைப் பேசாமல் விட்டது என் பிழை. உரக்கடன் பற்றிச் சொன்னதில் மட்டும் நான் மாறவில்லை.

மானாவாரி:
புர்கினாவில் 2009ஆம் ஆண்டில் ஊரக நிலச்சட்டம் ஒன்று வந்தது. வழக்கப்படி அனுபவிக்கும் நிலத்துக்குச் சான்று பெற அது வழி செய்தது. இரவல் நிலத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள இடம் தந்தது. ஆனால் வடக்கில் ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் ஊர் ஊராக மக்கள் வெளியேறிவிட்டார்கள்; 2023 கணக்குப்படி நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். அவர்கள் திரும்பும் நாளில் அந்தத் துண்டு வயலை யார் பெயரில் எழுதுவார்கள் என்று சொல்லுங்கள். உரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.