ஒன்றே முக்கால் வயது மகள் சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள்

ஈரோட்டில் இருக்கிறோம். மகளுக்கு 1 வயது 9 மாதம். மூன்று வாரமாகச் சோறு, இட்லி எதுவும் இறங்கவில்லை. நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சோற்றை இரண்டு வாய் வாங்குவாள். மூன்றாவது வாயைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து என் கையிலேயே துப்புவாள். பால் மட்டும் ஒரு நாளைக்கு 700 மில்லி குடிக்கிறாள்.

காய்ச்சல், வாந்தி, பேதி இல்லை. நன்றாக விளையாடுகிறாள். போன மாதம் 9.8 கிலோ, இப்போது 9.6. பல் முளைக்கிறதோ என்று பார்த்தோம், ஈறு வீங்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. செல்போன் காட்டி ஊட்டுவதையும் விட்டுவிட்டோம். ராத்திரிப் பாலை நிறுத்திப் பார்த்தேன், அழுகை தாங்காமல் இரண்டாம் நாளே கொடுத்துவிட்டேன்.

ஒரு வயதுக்கு மேல் வளர்ச்சி வேகம் குறையும், பசியும் குறையும் என்று டாக்டர் சொன்னார். சரி என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். அப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த செக்கப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பாலைக் குறைத்துப் பார்க்கலாமா, இல்லை, இப்போதே கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டுமா?